வெள்ளையடிக்கக் கொடுத்த சாவி

அத்தியாயம் 11

போன வாரம் பேச்சியம்மாள் வீட்டுச் சாவியை எடுத்து வீட்டுக்காரர் சடையப்பன் கையில் கொடுத்தபோது, "அடி பாவி, கொடுக்காதே" என்று உங்களில் பாதிப் பேராவது வாய்விட்டுச் சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னேன். எழுதுகிற என் பேச்சையே கேட்காதவள், படிக்கிறவர்கள் சொல்லியா கேட்கப் போகிறாள்?

ஆனாலும் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்காகப் போட்ட இந்தக் குடியிருப்பில் எல்லா வாடகை வீட்டிலும் இதுதான் வழக்கம். போகிக்கு முன்னால் வீட்டுக்காரர் வெள்ளையடித்துக் கொடுப்பார். குடியிருப்பவர்கள் சட்டிபானை முதல் பீரோ வரைக்கும் வாசல் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு ராத்திரி கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் சுண்ணாம்பு வாசனையோடு உள்ளே போவார்கள். ஒன்பது வருஷமாகப் பேச்சியம்மாளும் அப்படித்தான் போய் வந்தாள்.

இந்த வருஷம் சாமான்களோடு ஒரு ஆளையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அவள் புருஷன் பரமசிவம்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து இருபது வயதில் வந்து, சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்த மனுஷன். "பர்மனென்ட் ஆகட்டும், குவார்ட்டர்ஸ் வரட்டும்" என்று சொல்லியே முடி நரைத்தது. போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வரும். நேற்று அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். இரும்புக் கட்டிலை மட்டும் தனியாகச் சாய்த்து, சடையப்பனே ஒரு பக்கம் பிடித்துக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்.

"பாத்தும்மா, கொசுவலயக் கட்டிக் குடு" என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாயை நம்பாமல் எப்படி இருப்பது, சொல்லுங்கள்!

இனி இன்றைக்கு.

முதல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிய நேரம். மார்கழிப் பனியில் எதிர்வீடு தெரியவில்லை. பரமசிவத்தின் போர்வை நனைந்து கனத்துப் போயிருந்தது. அவர் இருமிய இருமலில் கட்டில் ஆடியது. சுவர் காய்ந்ததோ இல்லையோ, மனுஷனை உள்ளே கொண்டுபோய்ப் போட்டால் போதும் என்று பேச்சியம்மாள் எழுந்து வாசல் கதவுக்குப் போனாள்.

கதவில் வேறு பூட்டு. புத்தம் புதுசு, உள்ளங்கை அகலம்.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். படியில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு இல்லை. மூலையில் கவிழ்த்து வைத்த வாளியில் நேற்றைய தூசி அப்படியே இருந்தது. ஜன்னல் பலகைகள் உள்ளே தாழ் போட்டுச் சாத்தியிருந்தன. குழாயைத் திருகினாள், காற்றுதான் வந்தது. கொட்டகை பல்பின் சுவிட்சைத் தட்டினாள், அதுவும் எரியவில்லை.

"ஏட்டி ஹரிணி... எந்திட்டி. என்னமோ நடந்து போச்சு."

ஹரிணி எழுந்து வந்து பூட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயசு, மெயின் பஜாரில் செல்போன் கடையில் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா மாதிரி யோசித்து யோசித்துப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பூட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள்.

"வெள்ளையும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்மளை வெச்சே நம்ம வீட்டைக் காலி பண்ண வெச்சிருக்கான்மா அந்த ஆளு!"

"மரியாதையாப் பேசுட்டி."

"மரியாதையா? நல்லா வருது வாயில!"

சடையப்பனுக்கு இந்த வீடு ஏன் இத்தனை அவசரமாகத் தேவைப்பட்டது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதுசாக வருகிற வேலைக்கு வெளியூர் ஆட்களைக் கூட்டி வருகிற வேணு மேஸ்திரி, அவர்களைத் தங்க வைக்க, தை பிறந்ததும் முழு வீட்டையும் கேட்டிருக்கிறான். சடையப்பனும் கை நீட்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டார். "காலி பண்ணுங்க" என்று இரண்டு தடவை வந்து கேட்டுப் பார்த்தார். "இவரு எந்திரிச்சு நடக்கட்டும் அண்ணாச்சி, சித்திரைக்குள்ள போயிருதோம்" என்று பேச்சியம்மாள் கெஞ்சினாள். அவரும் தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குள் என்ன ஓடியது என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஹரிணி முதலில் வக்கீல் நந்தினிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அம்மாவிடம் நீட்டினாள். பேச்சியம்மாள் வேலை செய்கிற தையல்கடையில் கறுப்புக் கோட்டைப் பிடித்துத் தைத்து வாங்கிப்போன பெண். அன்றைக்கு அவளுக்கு விருத்தாசலம் கோர்ட்டில் கேஸ் இருந்தது.

"அக்கா, முதல்ல ஒண்ணு கேட்டுக்குங்க. பூட்டை உடைக்கக் கூடாது. அதுல கையே வைக்கக் கூடாது" என்றாள் எடுத்த எடுப்பில். "உடைச்சா கேஸ் உங்க மேல திரும்பிடும்."

"சரிம்மா. ஆனா அவரு வீடுல்லா? அவரு பூட்டுனா நாங்க என்ன செய்ய முடியும்?"

"அவர் வீடுதான். குடியிருக்கிறது நீங்க. கோர்ட்டு உத்தரவு இல்லாம உங்களை வெளியேத்த அவருக்கு உரிமை கிடையாது. தண்ணியையும் கரண்டையும் நிறுத்தவும் கூடாது. எழுத்துல ஒப்பந்தம் போடலைன்னாலும் பூட்டுப் போட்டுத் தெருவுல விட முடியாது. ஆனா ஒரு சிக்கல் இருக்குக்கா. நீங்களே விரும்பிக் காலி பண்ணிட்டீங்கன்னு அவர் சொல்வார். சாமானெல்லாம் நீங்கதானே வெளிய எடுத்து வெச்சீங்க? உள்ள உங்களோடது ஏதாவது மிச்சம் இருக்கா?"

பேச்சியம்மாள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். உரல், மிஷின், பாய், துணிமூட்டை எல்லாமே வெளியில்தான் கிடந்தன. அப்புறம்தான் சட்டென்று ஞாபகம் வந்தது.

"விளக்கு இருக்கும்மா! சாமி மாடத்துல குத்துவிளக்கு அப்படியே இருக்கு. நேத்து செவ்வாய்க்கிழமைல்லா? விளக்கை எப்பிடி வெளிய எடுப்பேன்? மாடத்தை விட்டுட்டு அடிங்கன்னு பேப்பரைப் போட்டு மூடி வச்சிட்டு வந்தேன்."



"அது போதும்க்கா" என்றாள் நந்தினி. "விளக்கை உள்ள விட்டுட்டு எந்தப் பொம்பளையும் வீட்டைக் காலி பண்ண மாட்டா. இதை யாருக்கும் சட்டம் படிச்சுச் சொல்ல வேண்டியதில்ல. நான் சாயங்காலம் வந்துடறேன். நாளைக்குக் காலையில அதிகாரிங்க முன்னாடி கதவைத் திறக்க வைப்போம். அதுவரைக்கும் விளக்கு உள்ள இருக்குன்னு வெளிய மூச்சு விடாதீங்க. சாவி அவர்கிட்ட இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹரிணி ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வந்தாள். மத்தியானம் ஒரு ஏட்டு பைக்கில் வந்தார். கட்டிலில் கிடந்த பரமசிவத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வண்டியின் மேல் வைத்தார். அவர் ஆள் அனுப்பியதும் தெருமுனை வீட்டிலிருந்து சடையப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, நெற்றி நிறைய விபூதி. மாசப் பூசம் தவறாமல் வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வருகிற மனுஷர்.

"நான் ஏங்க பூட்டறேன்? அவங்களாதான் காலி பண்ணிகினு போறம்னு சாவியக் குடுத்தாங்க" என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "வேற எடம் கெடைக்கிற வரைக்கும் கொட்டாயில இருந்துக்குங்கன்னு நான்தான் பாவம் பாத்து வுட்டேன். இந்தாங்க, நீங்களே பாருங்க."

செல்போனை நீட்டினார். ஏட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பேச்சியம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் நேற்று எடுத்த போட்டோ. தலையில் பாத்திரக் கூடையோடு அவளேதான் படி இறங்குகிறாள். அடுத்ததில் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள். மூன்றாவதில் கையில் சாவியை நீட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறாள். "அண்ணாச்சி, முகம் கறுப்பாத் தெரியாம எடுங்க" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. விளையாட்டுக்கு எடுக்கிறார் என்றல்லவா நினைத்தாள்!

"யாரும் கட்டாயப்படுத்தின மாதிரித் தெரியலையேம்மா" என்றார் ஏட்டு, சங்கடத்தோடு. "ரெண்டு பேர் சொல்றதையும் எழுதிக்கறேன். உங்க வக்கீல் வரட்டும், நாளைக்கு அதிகாரிங்களை வெச்சுப் பேசிக்கலாம். அதுவரைக்கும் ரெண்டு தரப்பும் சத்தம் போடாம இருக்கணும்."

'உள்ளே என் விளக்கு இருக்கிறது' என்று சொல்ல அவள் வாய் திறந்துவிட்டது. ஹரிணி பின்னாலிருந்து இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சடையப்பன் பக்கத்திலேயே நின்றார். வேட்டி மடிப்பில் சாவி துருத்திக்கொண்டு தெரிந்தது. பேச்சியம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மத்தியானம் எப்படிப் போயிற்று என்று விஸ்தாரமாகச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. தெருவே பார்க்க, நான்கு குச்சியில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு, எங்கிருந்தோ வாங்கி வந்த அரைக்குடம் தண்ணீரில் அவள் புருஷனுக்குத் துடைத்துவிட்டாள். காற்று சேலையைத் தூக்கியது. ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைத்தாள். பரமசிவம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் வழிந்ததை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரித் துடைத்துவிட்டாள். எதிர்வீட்டு வீராயி காலையில் ஒரு செம்பு டீயைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியவள்தான். அவளும் சடையப்பனுக்கு வாடகை கொடுக்கிறவள், என்ன செய்வாள்?

ஹரிணி பொறுத்துப் பார்த்தாள். அப்பாவின் இருமல் இழுப்பாக மாறியதும் எழுந்து போய், கொட்டகை மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஒரே நெம்பு. அப்புறம் எந்தக் கோர்ட்டுக்கு வேணா போறேன்."

"வைட்டி கீழ!"

"அப்பா செத்துப்போனா நந்தினியக்கா வந்து திருப்பித் தருவாங்களா?"

பேச்சியம்மாள் ஓடிப்போய்க் கடப்பாரையைக் கட்டிக்கொண்டாள். "உங்கப்பாவைத் தூக்கிட்டுப் போவ நீ ஒருத்திதாம்ட்டி இருக்க. நீயும் ஸ்டேஷன்ல உக்காந்தா நான் யார்கிட்டப் போவேன்? என் ராசால்லா, வச்சிரு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஹரிணி கடப்பாரையைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அம்மாவைவிடச் சத்தமாக அழுதாள்.

வெயில் சாயும்போது ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து சடையப்பன் இறங்கினார்.

"இன்னா பரமசிவம், ஒடம்பு எப்பிடிக் கீது?" என்று கேட்டுக்கொண்டே கட்டில் பக்கம் வந்தார். "ஏம்மா, மனுசன இப்பிடிப் பனியில போட்டு வெச்சிகினு வீம்பு புடிக்கலாமா? வடலூர்ல ஒரு வூடு பாத்து வெச்சிருக்கேன். வண்டிய நானே கூட்டிகினு வந்துட்டேன். ஏறிக் குந்துங்க, சாமான நான் ஏத்தி வுடறேன்."

அந்தக் குரலில் நிஜமாகவே பரிவு இருந்தது. அதுதான் பேச்சியம்மாளுக்குத் தாங்கவில்லை. பூட்டின கையே வந்து போர்வையை இழுத்துவிட்டால் எந்த மனுஷிக்குத்தான் தாங்கும்?

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன்" என்றாள். "இதே கொட்டகையில, இவரு பக்கத்துல உக்காந்து எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க! உங்க பழைய ஊரு சுரங்கத்துக்குப் போச்சே, அன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

சடையப்பன் போர்வையிலிருந்து கையை எடுத்தார்.

"சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு, மதினியும் பிள்ளையும் ஏறியாச்சு. நீங்க மட்டும் நடுவீட்டுல விளக்கு முன்னாடி உக்காந்துட்டீங்க. 'வௌக்கு வெளிய வர்ற வரைக்கும் இது என் வூடு'ன்னு சொன்னீங்களாம். இடிக்க வந்தவன் மிஷினை நிறுத்திட்டு நின்னானாம். நீங்களா மனசு வந்து விளக்கைக் கையில எடுத்துட்டு வந்தபெறவுதான் வீட்டைத் தொட்டானாம். சொன்னீங்களா இல்லையா?"

"அம்மா, வேணாம்" என்றாள் ஹரிணி.

அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. "உங்களுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா? என் விளக்கு உள்ளதான் இருக்கு அண்ணாச்சி! எரிஞ்ச திரியோட மாடத்துல இருக்கு. நான் காலி பண்ணலை. நீங்க எத்தனை போட்டோ காட்டினாலும் நான் காலி பண்ணலை!"

ஹரிணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சடையப்பன் முகம் சுருங்கிப் போயிற்று. மாடம் இருக்கிற பக்கத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்க்காமல், வண்டிக்காரனிடம் "நீ போப்பா" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடந்தார்.

"பாத்தியா?" என்றாள் பேச்சியம்மாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "சுட்டிருச்சு மனுஷனுக்கு. என்ன இருந்தாலும் ஈரம் இல்லாம போகாதுட்டி. பாரு, இப்ப சாவியோட வருவாரு."

"சாவியோட வருவாரும்மா. கண்டிப்பா வருவாரு." ஹரிணி அம்மாவைத் திட்டக்கூட இல்லை. "நந்தினியக்கா என்ன சொன்னாங்க? உள்ள இருக்கிற ஒரே சாட்சியை நீயே அவருக்குக் கை காட்டிக் குடுத்துட்டியேம்மா."

அப்போதுதான் பேச்சியம்மாளுக்கு உறைத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஹரிணி போனை எடுத்தாள். நந்தினி கோர்ட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள், வழியில் இருந்தாள்.

சூரியன் இறங்கியது. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை மெதுவாக்கிக் கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுபடியும் பனி விழ ஆரம்பித்த நேரத்தில் தெருமுனையிலிருந்து வந்தது சடையப்பன் இல்லை. அவர் மனைவி விஜயலட்சுமி.

இந்த விஜயலட்சுமி எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். பரமசிவம் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே கிடந்தவள். அவள் இடுப்பில் சாவி தொங்குவதைப் பார்த்ததும் பேச்சியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மதினி! வந்துட்டீங்களா? எனக்குத் தெரியும், நீங்க வருவீங்கன்னு."

விஜயலட்சுமி நேராகப் போய்ப் பூட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். உள்ளே பேப்பர் கிழிகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது, மார்போடு அணைத்த மாதிரி இரண்டு கையிலும் குத்துவிளக்கைப் பிடித்திருந்தாள்.

"இந்தா பேச்சி. வாங்கிக்கோ" என்றாள். "அவுரு தொட மாட்டேன்னுட்டாரு. என்னப் போய் எடுத்தாறச் சொல்லி வூட்டுல ஒரே ரகள. என்ன ஒண்ணும் கேக்காத, வாங்கிக்கோ."

தெருவில், கொஞ்சம் தள்ளி, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் சடையப்பன் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு பெண் விளக்கை நீட்டினால் இன்னொரு பெண் வாங்காமல் நிற்பது நம்மில் இல்லை. தினமும் துலக்கிப் பொட்டு வைக்கிற விளக்கு, தன் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது வேறு. பேச்சியம்மாளின் கைகள் தன்னால் முன்னே போயின. விளக்கின் தண்டில் விரல் படப் போகிற நேரம்.

"வா...ங்...காத."

பரமசிவம். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், வராத நாக்கை இழுத்துப் பிடித்துச் சொன்னார். ஒரு கண்ணால் மனைவியையே பார்த்தார். "வாங்...காத... பேச்சி."

பேச்சியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் வாங்க மாட்டேன் மதினி. வாங்குனா நானே காலி பண்ணுன மாதிரில்லா ஆயிரும். நான் எடுத்தாரச் சொல்லலை. எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கனயே கொண்டுபோய் வைங்க."

"வெச்சா அவுரு என்ன வெட்டிப் போடுவாரு."

"அப்ப உங்க வீட்டுக்குக் கொண்டுபோங்க."

"அய்யய்யோ, அடுத்தவ வூட்டு வௌக்க நான் எப்பிடி எடுத்துகினு போவேன்?" விஜயலட்சுமி அழ ஆரம்பித்தாள். வெறுந்தரையில் விளக்கை வைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. யாரும் வாங்காத விளக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவளுக்குப் பின்னால் பேச்சியம்மாளின் பார்வை போயிற்று. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பூட்டு கொக்கியில் திறந்தபடி தொங்கியது. இரண்டு கையிலும் விளக்கு இருந்தால், எந்தக் கையால் பூட்டுவது?

பூட்டை உடைக்கக் கூடாது என்றுதானே நந்தினி சொன்னாள். உடைக்கவில்லையே!

"ஏட்டி ஹரிணி, கட்டில் தலமாட்டைப் பிடி."

ஹரிணி ஒரு நொடி முழித்தாள். அடுத்த நொடி கட்டிலின் தலைமாட்டுக்குப் பாய்ந்தாள். பேச்சியம்மாள் கால்மாட்டைப் பிடித்துத் தள்ளினாள். இரும்புக் கால்கள் சிமெண்டில் கிறீச்சிட்டன. படிக்கு வந்ததும் அம்மாவாலும் பெண்ணாலும் தூக்க முடியவில்லை. எதிர்க் கதவு படாரென்று திறந்தது. வீராயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து, கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினாள்.

தலைமாடு வாசற்படியைத் தாண்டியது. பரமசிவத்தின் தலை, தோள், இடுப்பு உள்ளே போயின. அதோடு கட்டில் நின்றுவிட்டது. உள்ளே நுழைந்ததும் குறுக்கே சுவர். நேற்று வெறும் கட்டிலைச் சாய்த்துத் திருப்பிக் கொண்டுவந்த இடம். ஆளை வைத்துக்கொண்டு சாய்ப்பது எப்படி? முன்னாலும் போகவில்லை, பின்னால் இழுக்கவும் இவர்கள் விடப்போவதில்லை.

சடையப்பன் ஓடிவந்தார். துண்டு வழியிலேயே விழுந்துவிட்டது. கொக்கியிலிருந்து பூட்டைப் பிடுங்கி, ஒரு கையால் கதவை இழுத்தார். கதவு கட்டிலில் இடித்து நின்றது. இன்னொரு தடவை இழுத்தார். இடித்த இடத்தில் பரமசிவத்தின் உடம்பு குலுங்கியது. இருமல் வந்து, அடங்க மாட்டாமல் இழுத்தது.

இருமி முடித்துவிட்டு அவர் கண்ணைத் திறந்தார். மேலே நின்ற சிநேகிதரைப் பார்த்தார். கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. பார்த்துக்கொண்டே கிடந்தார்.

சடையப்பன் பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என்னாங்க" என்றாள் விஜயலட்சுமி, பின்னாலிருந்து. அழுகை நின்றுவிட்டிருந்தது. கையில் விளக்கு அப்படியே இருந்தது. "எடுத்தாறச் சொன்னீங்க, எடுத்துகினு வந்துட்டேன். திரியில எண்ணெகூட இன்னும் காயல. நீங்களே சொல்லுங்க, இத நான் எங்க வெக்கட்டும்?"

நந்தினியின் வண்டி இன்னும் வந்து சேரவில்லை. பேச்சியம்மாள் தன் முந்தானையை அவிழ்த்துப் புருஷனின் பாதத்தைச் சுற்றினாள். தலையும் மார்பும் வீட்டுக்குள் இருந்தன. கால் இரண்டும் இன்னும் பனியில்தான் கிடந்தன.